ஆள் எடுக்கும் மென்பொருள் வாங்கினால் எச்.ஆர். வேலை குறையுமா?

கேள்வி இதுதான்: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி, ஏறக்குறைய 200 பேர். எச்.ஆரில் இரண்டு பேர்தான். ஆள் எடுப்பதற்கென்று மென்பொருள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது, ஆயிரம் விண்ணப்பத்தை நிமிஷத்தில் சலித்துத் தரும் வசதியைத்தான். பெரிய ஐ.டி. கம்பெனிக்கு அது உதவும். நம் பட்டறைகளில் ஒரு விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டிச் செதுக்கும் மிஷின்) ஆபரேட்டர் வேலைக்கு எப்போது ஆயிரம் பேர் வந்தார்கள்? பத்துப் பேர் வந்தாலே பெரிசு. அந்தப் பத்துப் பேரை நழுவ விடாமல் பிடிப்பதுதான் நம் பாடு.

நான் கணபதிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இதே வேலையில் இருக்கிறேன். ஆள் எப்படி நழுவுகிறார் என்றால், ஒருவர் திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் பயோடேட்டா அனுப்புவார். எச்.ஆர். அதைப் பிரிண்ட் எடுத்து புரொடக்‌ஷன் மேனேஜர் மேஜையில் வைப்பார். மேனேஜர் டெஸ்பாட்ச், ஆடிட் என்று அலைந்துவிட்டு வியாழக்கிழமை "வரச்சொல்லுங்க" என்பார். போன் போட்டால், "அரசூர்ல சேந்துட்டனுங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே" என்று பதில் வரும். கையில் தொழில் இருக்கிறவருக்குக் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து அவிநாசி ரோடு வரைக்கும் கதவு திறந்திருக்கிறது, அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

மென்பொருள் உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான். நௌக்ரி வேலைத்தளம், மெயில், வாட்ஸ்அப், நேரில் கேட்டுக்கு வந்தவர் எல்லாம் ஒரே பட்டியலில் ஏறிவிடும். விண்ணப்பம் கிடைத்தது, இன்டர்வியூ எத்தனை மணிக்கு என்கிற தகவல் தானாகப் போய்விடும். எல்லாவற்றையும்விட, எந்தப் பேர் யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று தெரியும். முதலாளியிடம் "ஆளே கிடைக்கலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், "ஆள் வந்திருக்காங்க, இன்னும் பார்க்கலை" என்று திரையைக் காட்டலாம். என்னைக் கேட்டால், கொடுக்கிற காசு இந்த ஒரு வசதிக்கே தகும்.

இன்னொன்று. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஆள் மாறுவது நம் பக்கத்தில் வழக்கம். ஆடி மாதம் நல்ல ஆள் வந்து, இடம் இல்லை என்று அனுப்பியிருப்போம். தீபாவளிக்குப் பின் இடம் காலியாகும்போது அவர் நம்பர் யாருடைய பழைய நோட்டிலோ கிடக்கும். மென்பொருளில் தேடினால் உடனே கிடைத்துவிடும்.

இனிக் கவனமாக இருக்க வேண்டியவை. பயோடேட்டாவைத் தானாகப் படித்துப் பெயர், படிப்பு, அனுபவம் என்று பிரித்துப் போடும் வசதியை முழுக்க நம்பாதீர்கள். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பயோடேட்டா குப்பை எழுத்தாக வரும். பேப்பரைப் போட்டோ பிடித்து அனுப்பினால் பாதி விட்டுப்போகும். நம் இனிஷியல் அதற்கு இன்னும் சிக்கல்: "கா. செல்வராஜ்" என்றால் "கா"வைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு வைக்கும். அதே பெயர் ஆஃபர் லெட்டருக்குப் போய், அங்கிருந்து பி.எஃப். பதிவுக்கும் போனால், ஆதாரோடு ஒத்துவராமல் அந்தத் தொழிலாளிதான் பின்னால் பணம் எடுக்க அலைவார். சேரும் நாளில் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். இதை எந்த மென்பொருளிடமும் விடாதீர்கள்.

அப்புறம், தானாக நிராகரிக்கும் வசதி. அதை அணைத்தே வையுங்கள். அமேசான் தன் பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கிய ஒரு கருவி, பெண்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது. கடைசியில் அந்த முயற்சியையே கைவிட்டுவிட்டார்கள் என்று 2018-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. பழைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்களுடையதாக இருந்ததால், ஆண்கள்தான் நல்ல தேர்வு என்று கருவி கற்றுக்கொண்டது. நம் இடத்தில் இது வேறு மாதிரி வரும். குழந்தை பிறந்து மூன்று வருஷம் வீட்டிலிருந்துவிட்டு வரும் குவாலிட்டி இன்ஸ்பெக்டரை, இடைவெளி அதிகம் என்று அது தள்ளிவிடும். ஐ.டி.ஐ. முடித்தவர் "ஃபானுக் மிஷின் ஓட்டினேன்" என்று மட்டும் எழுதியிருப்பார். ஃபானுக் என்பது விஎம்சி மிஷின்களில் வரும் கன்ட்ரோல் கம்பெனியின் பெயர். ஆனால் விளம்பரத்தில் "விஎம்சி" என்று இருந்தால் சொல் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிடும். டிராயிங்கைக் கொடுத்து, வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தெரிகிற திறமை அது. பயோடேட்டாவைச் சலிப்பதில் மிச்சமாகும் நேரம் சொற்பம். அதற்காக நல்ல ஆளை இழக்க வேண்டாம்.

விலை பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். மேனேஜர் தனியாக லாகின் செய்யாமல், போனிலேயே சரி, வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அவர் பார்க்கவே மாட்டார், பேப்பர் மறுபடி மேஜைக்கு வந்துவிடும். பட்டியல் முழுவதையும் எக்செலில் எடுத்துக்கொள்ள முடியுமா? நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் அது வேண்டும். விண்ணப்பித்தவர் விவரத்தைத் தேவை முடிந்ததும் அழிக்க வழி இருக்கிறதா? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது. நல்ல ஆளின் நம்பரை வைத்திருக்க வேண்டுமானால், அடுத்த வேலைக்குக் கூப்பிடலாமா என்று அவரிடமே சம்மதம் வாங்கிப் பதிந்துவிடுங்கள்.

வருஷ சந்தா கட்டுவதற்கு முன், சோதனைக் கணக்கில் உங்களுக்கு வந்த பழைய பயோடேட்டாக்களையே போட்டுப் பாருங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரி எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.