மாட்டு டாக்டருக்குப் பொதுச் சுகாதாரத்தில் என்ன வேலை?

கேள்வி: கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள், பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புகிறாள். அதில் மாட்டு டாக்டருக்கு என்ன வேலை? அரசு உதவி கிடைக்குமா?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: நிறையவே வேலை உண்டு. தங்கள் பகுதியில் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி ஒன்று குறைமாதத்தில் குட்டி போட்டால், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் வீசிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருச்சிதைவுக்குப் புருசெல்லா கிருமி காரணமாக இருந்தால், சில வாரங்கள் கழித்து அப்பெண்ணுக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் ஆட்டோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அவரே தங்கள் மகள் ஆக விரும்பும் மருத்துவர். நாய்க்கடியால் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிக்க, 2021இல் மத்திய அரசு வெளியிட்ட செயல்திட்டமும் இத்தகையோரை நம்பியே இருக்கிறது.

1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் இத்துறையில் முதுநிலைப் படிப்பு உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பெறுவோருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. அமெரிக்காவில், கால்நடை மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் பணியாற்றும் அம்மருத்துவர்களின் கல்விக்கடனில் ஒரு பகுதியை அரசே அடைக்கிறது. நம் கடலோர வட்டங்களுக்கும் அப்படியொரு ஏற்பாடு பொருந்தும் என்பது என் கருத்து. உதவித்தொகை படிக்க வைக்கும், ஊரில் தங்க வைக்காது. தங்கள் மகளை இப்போதே நுழைவுத் தேர்வுக்குத் தயாராகச் சொல்லுங்கள்.