மத்தியதரைக் கடல் குரூஸில் துறைமுக ஊர்களை நாங்களே சுற்றலாமா, கப்பல்காரர் டூர்தான் எடுக்க வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் அக்டோபரில் 7 இரவு குரூஸ் போகிறோம். ஜெனோவாவில் ஏறி மார்சேய், பார்சிலோனா, ஒரு நாள் முழுக்கக் கடல், பிறகு பலெர்மோ, நேப்பிள்ஸ், ரோம், மறுபடி ஜெனோவா. கப்பலில் விற்கும் டூர்களை எல்லா ஊரிலும் எடுத்தால் செலவு கையைக் கடிக்கிறது. நாங்களே இறங்கிச் சுற்றலாமா? நேரமாகிவிட்டால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமா?

பதில்:

தாராளமாகச் சுற்றலாம். இந்த ஐந்து ஊர்களில் நான்குக்கு டூர் வாங்குவது வீண் செலவு. யோசிக்க வேண்டியது ரோம் ஒன்றுதான். அட்டவணையில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் ரோமுக்குப் போகாது. 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும். இந்தப் பெயர் விளையாட்டு மத்தியதரைக் கடல் முழுக்க உண்டு. புளோரன்ஸ் என்றால் லிவோர்னோ. வெனிஸ் என்றால், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து ஜியுதெக்கா கால்வாயில் தடை இருப்பதால், மார்கெராவோ ரவென்னாவோ த்ரியெஸ்தேயோ எதுவாகவும் இருக்கலாம். பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. "காலை 8 முதல் மாலை 6 வரை" என்று போட்டிருந்தால் பத்து மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். கப்பல் கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, நீங்கள் வரிசையில் நின்று இறங்க எட்டரை, எட்டே முக்கால் ஆகும். மாலையில் 6 மணி என்பது கப்பல் புறப்படும் நேரம். எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முன்னால். சில கப்பல்களில் ஒரு மணி முன்னால். முந்தைய இரவு அறைக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பல் செயலியிலோ அது இருக்கும், இறங்கும் வாசலிலும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்கும் ஒரு மணி முன்பே துறைமுக வாசலில் இருப்பதுபோலத் திட்டமிட்டால் பயமே வேண்டாம்.

தவறவிட்டால்? ஆம், கப்பல் போய்விடும். நிறுவனத்தின் டூரில் போனவர்களுக்கு மட்டும்தான் காத்திருப்பார்கள், இல்லையென்றால் நிறுவனத்தின் செலவிலேயே அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். தனியாகப் போனவர் தன் செலவில் அடுத்த ஊருக்கு ஓட வேண்டியதுதான். அந்தத் தினசரித் தாளில் உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். காலையில் இறங்கும்முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சுற்றும் நாள்களில் பாஸ்போர்ட் நகல் போதும்; ரோமுக்குப் போகும் நாளில் அசலே உடம்போடு இருக்கட்டும்.

இனி ரோம். கப்பலடியிலிருந்து துறைமுகப் பேருந்து உங்களை லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு உள்ளூர்ப் பேருந்து உண்டு. கடற்கரையோரமாக நடந்தாலும் இருபது நிமிடம்தான். ரீஜனல் எனும் சாதாரண ரயிலில் ஏறினால் ரோமா சான் பியெத்ரோ நிலையத்துக்கு ஒரு மணிக்கும் குறைவு, ரோமின் முக்கிய நிலையமான டெர்மினிக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். வத்திக்கான் பார்ப்பதானால் சான் பியெத்ரோவிலேயே இறங்கிவிடுங்கள். புனித பேதுரு பேராலயம் பத்துப் பதினைந்து நிமிட நடை. டெர்மினி வரை போய் மெட்ரோவில் திரும்பி வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. கொலோசியம்தான் வேண்டும் என்றால் ரோமா ஒஸ்தியென்செயில் இறங்கி, ஒட்டியிருக்கும் பிராமிதே நிலையத்தில் மெட்ரோ பி பிடித்தால் இரண்டாவது நிறுத்தம்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். எட்டரைக்கு இறங்கினால் பத்தே கால், பத்தரைக்குத்தான் ஊருக்குள் கால் வைப்பீர்கள். ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க, மதியம் மூன்று மணிக்குள் கிளம்பும் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதுதான் கடைசி ரயில் என்பதால் இல்லை. அந்த ரயில் ரத்தானாலும் அடுத்ததில் வந்துவிடலாம் என்பதற்காக. ஆக நிகர நேரம் நாலரை மணி. அதில் ஒரு பெரிய இடமும் ஒரு சாப்பாடும் அடங்கும், அவ்வளவுதான். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும் (மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு, அன்று கூட்டம் அள்ளும்). கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டு, நேரம் குறித்து வருவது. கப்பலில் ஏறும் முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ரயிலில் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இத்தாலியில் ரீஜனல் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். செயலியில் வாங்கியதற்கும் செக்-இன் என்று ஒன்று உண்டு. டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம். தெரியாது என்று சொன்னால் விடமாட்டார்கள்.

ரோமுக்கு டூர் எடுப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது: வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில் ஷோப்பெரோ அடிக்கடி வரும். தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாளில் நடந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் மட்டும் ரீஜனல் ரயில்களுக்கு உத்தரவாதம். போவதற்கு ரயில் கிடைத்தாலும், திரும்ப ரயில் வரும் நேரத்தில் கப்பல் கடலில் இருக்கும்! உங்கள் தேதியில் அப்படி ஏதாவது அறிவித்திருந்தால் கப்பலின் "ரோம், உங்கள் விருப்பம்போல்" வகைப் பேருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டி இல்லாமல் போக வர மட்டும் கூட்டிப்போகும் இந்தப் பேருந்து, முழு டூரைவிட நல்ல மலிவு. மற்ற நாளிலும் பதற்றமில்லாமல் போய்வர வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

நேப்பிள்ஸ் இதற்கு நேர்மாறு. கப்பல் ஊரின் நடுவிலேயே நிற்கும். சாலையைத் தாண்டினால் காஸ்தெல் நுவோவோ கோட்டை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேய் போக வேண்டுமானால் முனிச்சிப்பியோ நிலையத்தில் மெட்ரோ 1 ஏறி மூன்றாவது நிறுத்தமான கரிபால்டியில் இறங்கி, கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா ரயிலுக்கு மாறுங்கள். சொரெந்தோ போகும் வண்டியாக இருக்க வேண்டும். இறங்க வேண்டிய நிலையம் "பொம்பேய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி". வெறும் "பொம்பேய்" என்ற பெயரில் வேறொரு தடத்தில் நிலையம் இருக்கிறது. அது இக்கால ஊர்ப்பக்கம் கொண்டுபோய்விடும். ஓட்டம் நாற்பது நிமிடத்துக்குள்தான், ஆனால் வண்டி பழசு, நெரிசல், பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. பை முன்பக்கம் இருக்கட்டும்.

2024 நவம்பரிலிருந்து பொம்பேயில் நாளொன்றுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டிலும் பெயர் உண்டு. முன்பே வாங்கிவிட்டு அடையாளத்துக்கு ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருங்கள். உள்ளே தெருக்கள் எல்லாம் பெரிய எரிமலைக்கல் பாளங்கள். வண்டிச்சக்கரம் தேய்த்த பள்ளங்கள் வேறு. செருப்போடு போனால் கணுக்கால் பிசகும், நல்ல ஷூ கட்டாயம். நிழல் குறைவு. மூன்று மணி நேரம் தாராளம். பொம்பேயில் ஆர்வம் இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ஸ்பக்கநாப்போலி சந்துகளில் நடந்து பீட்சா சாப்பிட்டுத் திரும்பலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மரினாரா பாதுகாப்பு: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், சீஸ்கூடக் கிடையாது. காப்ரி தீவுக்குப் படகு பக்கத்து மோலோ பெவெரெல்லோவில்தான் கிளம்புகிறது. ஆனால் அக்டோபரில் காற்று எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் தீவில் மாட்டிக்கொள்வீர்கள். கப்பல் பயணிகள் தனியாகப் போகாமல் இருப்பதே நல்லது.

பலெர்மோவில் இறங்கியதும் நடைதான். தியாத்ரோ மாசிமோ ஓபரா அரங்கும் குவாத்ரோ காந்தி நாற்சந்தியும் பதினைந்து இருபது நிமிடத்தில் வந்துவிடும், அதைத் தாண்டி பல்லரோ சந்தை. அங்கே பானெல்லே கேட்டு வாங்குங்கள். கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டாக்கிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். அரஞ்சினா என்ற பொரித்த சோற்றுருண்டை வாங்கும்போது மட்டும் கவனம். இறைச்சி வேண்டாம் என்று "புர்ரோ", அதாவது வெண்ணெய் வகையைக் காட்டினால், அதற்குள்ளும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும்.

பார்சிலோனாவில் கப்பல்கள் நிற்கும் மோல் அதோசாத் நீளமான அலைதடுப்பு. வெயிலில் நடக்க வேண்டாம், போர்ட்பஸ் கொலம்பஸ் சிலை வரை கொண்டுவிடும். எதிரே த்ராசானெஸ் மெட்ரோ. ஒரு நிறுத்தம் போய் பாராலெலில் எல்2 தடத்துக்கு மாறினால் நேரே சாக்ரதா ஃபமிலியா தேவாலயம். அதற்கு நேரம் குறித்த டிக்கெட் ஆன்லைனில்தான், அன்றைக்கே போய் வாங்கலாம் என்று போனால் வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மார்சேயில் துறைமுகம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, எப்படியும் ஷட்டில் வேண்டும். வியூ போர்ட் என்ற பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து மலைமேல் நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயம் வரை ஏறும். ஒரு காலைப்பொழுதுக்கு அது போதும். மிஸ்ட்ரல் காற்று பலமாக அடித்தால் கப்பல் மார்சேயைத் தவிர்த்துவிட்டுப் போவதும் உண்டு. அப்படி நடந்தால் துறைமுக வரி மட்டும் திரும்ப வரும், வேறு இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள். டிக்கெட்டுகளை ரத்து செய்யக்கூடியதாக வாங்குவது இதற்காகத்தான்.

அந்த மார்சேய்–பார்சிலோனா இரவில்தான் கப்பல் கொஞ்சம் ஆடும். தலைசுற்றல் வருபவர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன் போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டால் பயன் குறைவு. இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துத்தான் டபுள் பெட் ஆக்குவார்கள். பதியும்போதே சொல்லாவிட்டால் பிரித்துப் போட்டிருக்கும். மதுப் பானப் பேக்கேஜ் எடுக்கும் எண்ணம் இருந்தால், பல நிறுவனங்களில் ஒரே அறையிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். ஒருவர் மட்டும் குடிப்பதானால் கணக்கு உதைக்கும்.

கப்பல் கணக்குக்குக் கிரெடிட் கார்டையே பதியுங்கள். ஃபாரெக்ஸ் அல்லது டெபிட் கார்டைப் பதிந்தால் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது விடுபட ஊருக்கு வந்தபின்னும் நாள்கணக்காகலாம். போனை ஏறியதும் ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொண்டால் ஐரோப்பிய சிம் பேக் எதுவும் உதவாது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் ஏறும்போதே ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா. உங்கள் தடத்தில் அதிக நாள் இத்தாலி என்பதால் அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். இந்தத் தடத்துக்கு ஒற்றை நுழைவே போதும். துனிசியா, துருக்கி, மொண்டெநெக்ரோ என்று ஒரு நிறுத்தம் இருந்தாலும் ஷெங்கனைவிட்டு வெளியேறித் திரும்ப நுழைவதாகக் கணக்கு. அப்போது மல்டிபிள் என்ட்ரி கட்டாயம்.

ஜெனோவாவில் இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும், மறுநாள் உடுத்தும் துணியும் மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில். கப்பலைவிட்டு வெளியே வர ஒன்பது, ஒன்பதரை ஆகலாம். பியாத்சா பிரின்சிபே ரயில் நிலையம் பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் தூரம்தான், ஆனால் மிலான் மல்பென்சாவிலிருந்து விமானம் என்றால் பிற்பகல் மூன்று மணிக்கு முந்தையதைப் பதியாதீர்கள்.