கேக்கில் சாராயமா?

கேள்வி: வெனிலா எசன்ஸ் பாட்டிலில் 'எத்தனால்' என்று போட்டிருக்கிறது. பெட்ரோலில் கலப்பதும் அதுதானாமே! என் மாமியார் கேக்கைத் தொட மாட்டேன் என்கிறார். தின்பண்டத்தில் எதற்குச் சாராயம்?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அதேதான், மறைப்பானேன்! ஆனால் மாமியார் பதனி குடிப்பவரா என்று முதலில் கேளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதனி விடிவதற்குள் கள்ளாகிவிடும். உடன்குடிக் கருப்பட்டியும் கள்ளும் ஒரே பாளையில் பிறந்தவை. நடுவில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பேக்கரி பன் மாவு உப்பும்போதும் ஈஸ்ட் எத்தனாலை உண்டாக்கத்தான் செய்கிறது. அடுப்பில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

வெனிலாவின் மணச்சத்து பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, எத்தனாலில் சட்டென்று கரையும். அமெரிக்காவில் 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்று விற்க 35 சதவீத ஆல்கஹால் இருந்தே ஆக வேண்டும். உங்கள் பாட்டிலிலும் அவ்வளவு என்றே வைப்போம். ஒரு கிலோ கேக்குக்கு 5 மில்லி எசன்ஸ் ஊற்றினால் எத்தனால் 2 மில்லிகூட இல்லை, அதிலும் பெரும்பகுதி சூட்டில் போய்விடும். இதில் போதை ஏறுவதற்குள் வயிறு வெடித்துவிடும்.

வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. நம்மூர் மலிவு விஸ்கி எப்படித் தயாராகிறது? சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்க வைத்து, வடித்து, மணம் குணம் எல்லாம் நீக்கிய ஸ்பிரிட் (அதுவும் எத்தனால்தான்) ஆக்குகிறார்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றி 42.8 சதவீதத்துக்கு இறக்கி, கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றி, எசன்ஸ் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் தானியத்தில் வடித்து மரப்பீப்பாயில் மூன்று ஆண்டு கிடந்தால்தான் விஸ்கி என்ற பெயரே கிடைக்கும். ஆக, உங்கள் பாட்டிலில் எசன்ஸைக் கரைக்க ஸ்பிரிட். அந்தப் பாட்டிலில் ஸ்பிரிட்டுக்கு மணமேற்ற எசன்ஸ்!

பெட்ரோலுக்குப் போவது நீரை அறவே நீக்கிய எத்தனால். குடித்துவிடக் கூடாதென்று அதில் வேறு ரசாயனமும் கலப்பார்கள். பயப்பட வேண்டியது மெத்தனால் என்ற விஷச் சாராயத்துக்கு. தமிழில் ஓரெழுத்துதான் வித்தியாசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துத்தான்.

மற்றபடி, ரம்மில் பழம் ஊறவைத்த பிளம் கேக் என்றால் நான் உங்கள் மாமியார் கட்சி. அதைச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும்.