ஒரே அத்தியாயம்தான் என்று தயங்காதீர்கள்

தம்பி, மதுரையில் மேடை நாடகம் நடித்துவிட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இங்கே ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போரைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரில், காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கும் இந்தியராக, ஓர் அத்தியாயத்தில் மட்டும் தலைகாட்டும் வேடம் வந்திருக்கிறது. இரண்டு மூன்று வரி வசனத்துக்காகப் போகலாமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் போங்கள். ஆனால் யாருடைய வேடத்தைப் போடப்போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அதே போரைப் பற்றிய வேறொரு தொடரில் நானும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவனாக நடித்திருக்கிறேன். 1899 டிசம்பரில் கொலென்ஸோ சண்டை நடந்தபோது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதாவது சில ஆண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டு இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள்; முதலாளிகள் அனுப்பிவைத்தவர்கள். அடுத்த மாதம் ஸ்பியோன் கோப் சண்டையில் காயம்பட்டவர்களையும் இந்தப் படைதான் சுமந்தது. சில நாட்களில் ஒரே நாளில் 20, 25 மைல் நடந்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது.

என் கதைத்தாளில்கூட ‘தூக்குபவர் 3’ என்றுதான் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில்லில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. 1860 முதல் அந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த கப்பல்களின் ஆள் பட்டியலை அங்கே பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். புருவத்தின் மேல் தழும்பு, இடது முழங்காலில் வடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வட ஆற்காடு என்று கண்ட வரிகளைப் படித்துக்கொண்டே போனேன். பிறகு இயக்குநரிடம் போய், இந்த ஆளுக்கு ஒரு பெயரும் ஊரும் வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. சக நடிகர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு வரி சேர்ந்தது. அந்த ஒரு வரியால் என் நடையே மாறிவிட்டது.

ஸ்ட்ரெச்சர் தூக்குவதைத் தனியாகப் பழகுங்கள். நான்கு பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் படுத்திருப்பவர் ஊஞ்சல் போல ஆடுவார். காயத்துக்கு அது ஆகாது. அதனால் கால் மாற்றி நடக்க வேண்டும் என்று படப்பிடிப்புக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர் சொல்லிக்கொடுத்தார். உள்ளே கிடந்தவர் நல்ல கனம். மேட்டில் ஏறும்போது பின்னால் இருப்பவர் கைகளை உயர்த்திக்கொள்ள வேண்டும். கைப்பிடி உள்ளங்கையை அறுக்கும். முகத்தில் வேதனையை வரவழைக்க நான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்துப் பழகியவர் நீங்கள். இங்கே அதைக் குறைத்துக்கொள்ளுங்கள், சுமையே பேசிவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஐந்தாவது, ஆறாவது தலைமுறை. வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனாலும் காவடியும் மாரியம்மனுக்குக் கூழும் விட்டுப்போகவில்லை. நீங்களும் நானும் விமானத்தில் வந்தவர்கள். நாம் போடுவது அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் வேடம். தொடர் ஒளிபரப்பான மறுநாள், எங்கள் தெருவிலுள்ள வயதான அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ஆளுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று, தோட்டத்துக்குத் திரும்பினாரா, கல்யாணம் ஆகியிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கதையில் அதெல்லாம் இல்லை. ஆனால் பட்டியலில் படித்ததை வைத்து நான் மனத்துக்குள் முடிவுசெய்து வைத்திருந்தேன், அதைச் சொன்னேன். ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே உங்கள் பகுதிப் பெரியவர்கள் யாரையாவது போய்ப் பாருங்கள். அவர்கள் பேசும் பழைய தமிழைக் கேட்டு வசனத்தைத் திருத்துங்கள். மதுரைத் தமிழ் அந்த ஆளின் வாயில் ஒட்டாது.

பணம், காகித விவகாரம் சுருக்கமாக: உங்கள் விசா இந்த வேலைக்கு அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்கி நடிக்கக் கூடாது. இங்கே நடிகர்களை ஊழியர்களாக அல்ல, ஒப்பந்தக்காரர்களாகவே நடத்துகிறார்கள். மறுஒளிபரப்புக்குப் பணம் உண்டா, எத்தனை மணி நேரத்துக்குமேல் கூடுதல் தொகை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினால் படித்துச் சொல்கிறேன். ஆவண மையத்துக்குப் போகும் நாளையும் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.