வசனம் தெரியும், மனசுதான் தேறவில்லை: கேள்வி பதில்

அன்றாட வாழ்க்கைக்கு வேதத்திலிருந்து தைரியம் பெறுவதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். “எந்த வசனம் அக்கா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரு முழு அதிகாரத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கேள்வி: எரேமியா 29:11ஐ எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை மட்டும் கிடைத்தபாடில்லை. இப்போதெல்லாம் அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. இது தப்பா அக்கா?

பதில்: தப்பில்லை தம்பி. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தால் இந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கும். பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன், இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்கிறான். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பொய். அந்த முந்தின வசனத்தில் எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவர்களைப் பார்த்துத்தான் 11ஆம் வசனத்தில் “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்கிறார் கர்த்தர். நடுவில் என்ன செய்யச் சொல்கிறார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். காத்திருக்கிற காலத்தையும் வாழ்க்கையாகவே வாழச் சொல்லும் கடிதம் இது. வேலை எந்தத் தேதியில் கிடைக்கும் என்ற வாக்கு அதில் இல்லை. இன்று ஒருமுறை 4 முதல் 14 வரை சேர்த்து வாசித்துப் பாருங்கள். அப்புறம் அந்தத் தாளைக் கிழிப்பதா வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. இரவில் தூக்கமே இல்லை. அதிகாலை தியானம் நின்றுபோய் மாதக்கணக்காகிறது. கர்த்தரை விட்டு விலகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, இயேசு அதிகாலையில் எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, உண்மைதான். ஆனால் ஈசாக்கு தியானம் பண்ணப் போனது சாயங்காலத்தில். தாவீது படுக்கையில் தேவனை நினைத்ததாக 63ஆம் சங்கீதத்தில் பாடுகிறார். தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை ஜெபித்தார். காலை ஐந்து மணிக்குத்தான் என்று வேதம் எங்கேயும் சட்டம் போடவில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டது நாம்தான்.

உங்களுக்கு நான் கொடுப்பது 1 இராஜாக்கள் 19. “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் சாப்பாடுதான். ஏன் விசுவாசத்தில் குறைந்தாய் என்ற கேள்வியே அங்கே இல்லை, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிற கரிசனைதான் இருக்கிறது. ஆகவே, கிடைக்கிற நேரத்தில் தூங்குங்கள். குழந்தை மடியில் இருக்கும்போது 131ஆம் சங்கீதத்தைச் சொல்லலாம். மொத்தமே மூன்று வசனம், அதிலும் ஒரு தாயும் குழந்தையும் வருகிறார்கள்.

கேள்வி: “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று பரீட்சைக்கு முன் அறிக்கை செய்யலாமா?

பதில்: தாராளமாக, படித்துவிட்டுப் போனால். பவுல் காவலில் இருந்து எழுதியது அது, பிலிப்பியர் 4:13. முந்தின இரண்டு வசனங்களில் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். ஆகவே அந்தப் பெலன் தோற்றுப்போனாலும் நிலைகுலையாமல் நிற்கிற பெலன். பரீட்சை முடிவு வருகிற நாளில் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

கேள்வி: “ஒன்றுக்கும் கவலைப்படாதே” என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவலை நிற்கவில்லை. இப்போது கவலைப்படுகிறேனே என்பதே ஒரு புதுக் கவலை.

பதில்: பிலிப்பியர் 4:6இல் அதை எழுதின பவுல், அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்ததைச் சொல்கிறார். அவரை உங்களிடம் அனுப்பினால் என் துக்கம் குறையும் என்கிறார். 2 கொரிந்தியர் 11இல், எல்லாச் சபைகளைக் குறித்த கவலையும் தன்னை தினமும் நெருக்குவதாக எழுதுகிறார். ஆகவே 4:6ஐக் குற்றப்பத்திரிகையாக வாசிக்காதீர்கள். கவலை வந்தால் அதை என்ன செய்வது என்பதைத்தான் அது சொல்கிறது: விண்ணப்பமாக்குங்கள், ஸ்தோத்திரத்தோடு தேவனிடம் சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல், பெயர் சொல்லி, விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெட்டுப்போகிற அளவுக்கு வாரக்கணக்காக இது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், இன்றே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள். லூக்காவே வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கணவரை இழந்த தோழிக்கு, சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்கிற ரோமர் 8:28 அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். யோபுவின் நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்ததும்தான் எல்லாம் கெட்டது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். நீங்களும் நேரில் போய் உட்காருங்கள், செய்ய வேண்டிய வேலை இருந்தால் கேட்காமலே செய்துவிடுங்கள்.

அவரே ஏதாவது வாசிக்கக் கேட்டால் 88ஆம் சங்கீதம். பலர் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அது கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிறது. எனக்கு அதில்தான் ஆறுதல். முடிவில் ஒரு வெளிச்சமும் இல்லாத ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் படுகிற வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒருநாள் வாக்குத்தத்தம் வரும், மறுநாள் வம்ச அட்டவணை வரும். வேண்டாமே. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். தினம் ஒன்று என்று தொடங்குங்கள்.

கேள்வி: ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். வாக்குத்தத்தங்கள் எல்லாம் வேறு யாருக்கோ எழுதியவை போல இருக்கிறது.

பதில்: மாற்கு வாசிக்கும்போது 16:7இல் கொஞ்சம் நில்லுங்கள். கல்லறையில் அந்த ஸ்திரீகளிடம், சீஷர்களுக்கும் பேதுருவுக்கும் சொல்லுங்கள் என்கிறான் தூதன். பேதுருவும் சீஷன்தானே, தனியாக ஏன் பேர் சொல்ல வேண்டும்? இயேசுவைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்தவன், “சீஷர்கள்” என்றால் அதில் நான் இல்லை என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான், வசனம் காரணம் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வியும் அதுவேதான். யோவான் 21இல் பேதுருவுக்கு இயேசுவிடமிருந்து மூன்றுதரம் கேள்வி வருகிறது, மூன்றுதரம் வேலையும் கொடுக்கப்படுகிறது.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 51ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அதுவே ஜெபம்தான். அப்புறம், தனியாகப் போராடாதீர்கள். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16. சபையில் வாய் காக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது.