கடலே சமாதியா?

வணக்கம். ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி'யின் மாலுமி ஒருவரை எண்பது வருஷம் கழித்து அடையாளம் கண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடலில் செத்தவனுக்குக் கடலே சமாதி. எலும்பைத் தோண்டி, லேபுக்கு அனுப்பி, மறுபடி புதைக்க இத்தனை செலவா? நம் பக்கம் காணாமல் போகிற மீனவனைத் தேடவே நாதியில்லை.
ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

மீனவனைப் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் இந்தச் செலவை நிறுத்தினால் அந்தத் தேடல் நடந்துவிடுமா என்ன?

1941 நவம்பர் 19-ல் ஜெர்மனியின் 'கோர்மோரான்' கப்பலோடு நடந்த சண்டையில் 'சிட்னி' மூழ்கியது. 645 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 2008-ல் கப்பல் கிடைத்தபோதும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். நீங்கள் சொல்லும் கடல் சமாதிதான்.

ஒருவர் மட்டும் கரைக்கு வந்தார். 1942 பிப்ரவரியில் இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஒரு மிதவையில் அவர் உடல் கிடைத்தது. நீல ஓவரால் வெயிலில் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. ஜப்பான்காரன் எப்போது வந்து இறங்குவானோ என்று தீவே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அடுத்த மாதம் இறங்கியும் விட்டான். அந்த அமளியிலும் டாக்டர் பரிசோதித்தார், பெட்டி செய்தார்கள், ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பின்னால் வந்த டி.என்.ஏ. சோதனையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஊர்பேர் தெரியாத ஆளுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

2001-ல் தேடிக் கிடைக்காத குழி 2006-ல் கிடைத்தது. 2008-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் போர்க் கல்லறையில் பெயரில்லாமலே மறு அடக்கம். பெயர் 2021-ல்தான் வந்தது: தாமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேன் பையன், வயது 21. உடல் கிடைக்காதவருக்கு நம்மவர்கள் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பார்கள். இங்கே உடல் மண்ணில் இருந்தும் வீட்டுக்குத் தகவல் இல்லை.

கடலே சமாதி என்கிறீர்கள். அதற்குக் காவல் யார்? 1942-ல் ஜாவா கடலில் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கிய 'டி ராய்ட்டர்', 'ஜாவா' என்ற டச்சுக் கப்பல்களைத் தேடி 2016-ல் போனவர்கள் பார்த்தது கடலடியில் பள்ளத்தைத்தான். பழைய இரும்புக்காக யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. கடலில் அடக்கம் செய்யுமுன் உடலைப் பரிசோதித்து அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும், வீரர்கள் அணியும் அடையாள வில்லை இரட்டையாக இருந்தால் ஒரு பாதி உடலோடு இருக்க வேண்டும் என்று 1949 ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. அதை அன்றைக்கே ஒழுங்காகச் செய்தால் லேபுக்கு வேலை வராது.