தீப்பிடித்த கட்டடம், புதுப் பூச்சு: அல்ட்ராசோனிக் அறிக்கையை நம்பலாமா?

கேள்வி: கீழே கடை, மேலே வீடு உள்ள ஒரு கட்டடம் விலைக்கு வருகிறது. இரண்டு வருடம் முன்பு கீழே இருந்த மெத்தைக் கடை எரிந்திருக்கிறது. இப்போது பூச்சு, பெயிண்ட் எல்லாம் புதிது. அல்ட்ராசோனிக் டெஸ்ட்டில் ‘நல்ல தரம்’ என்று வந்ததாக விற்பவர் ஒரு பக்க அறிக்கை தருகிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: ஒரு பக்கம் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

சோதனையில் தவறில்லை. தூணின் இரு பக்கமும் கிரீஸ் தடவி கருவியின் இரு முனைகளை வைத்து, ஒலித்துடிப்பு கடக்கும் நேரத்தை அளக்கிறார்கள். 230 மி.மீ. தூணை நொடிக்கு 4 கி.மீ. வேகத்தில் கடக்க சுமார் 58 மைக்ரோநொடி போதும். சூடு ஏறும்போது சிமெண்ட் பசை சுருங்கும், மணலும் ஜல்லியும் விரியும். இடையில் நுண்விரிசல் விழும். 400 டிகிரிக்கு மேல் பசையின் சுண்ணாம்புச் சேர்மமும் சிதையத் தொடங்கும். இதனால் ஒலியின் வேகம் குறையும். அதே தூணில் 77 மைக்ரோநொடி ஆனால் வேகம் 3 கி.மீ.தான். கவலைப்பட வேண்டிய எண் அது.

பாரம் தாங்காமல் வரும் விரிசல் பெரும்பாலும் தூணின் நீளவாக்கில் ஓடும். குறுக்கே அளந்தால்தான் சிக்கும். நல்லவேளை, தூணை எல்லாரும் குறுக்கேதான் அளக்கிறார்கள்.

ஆனால் தீ முதலில் கெடுப்பது மேல்தோலை. குறுக்களவு தருவது சராசரி. வெந்த இரண்டு அங்குலத்தை உள்ளே இருக்கும் நல்ல கான்கிரீட் மறைத்துவிடும். அதனால் ஒரே முகத்தில் இரு முனைகளையும் வைத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இடைவெளியையும் நேரத்தையும் வரைபடமாகப் போட்டால் வரும் கோடு எங்கே திரும்புகிறதோ, அதிலிருந்து கெட்ட அடுக்கின் ஆழத்தைக் கணக்கிடலாம்.

புதுப் பூச்சின் மேலேயே அளந்திருந்தால் அறிக்கையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பூச்சைக் கொத்தி எடுத்த இடத்தில்தான் அளக்க வேண்டும். ஈரமும் உள்ளே இருக்கும் கம்பியும் வேகத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், அளந்த புள்ளிகளின் வரைபடமும் அன்றைய ஈர நிலையும் அறிக்கையில் இருக்க வேண்டும். முக்கியமாக, தீ எட்டாத ஒரு தூணின் அளவு பக்கத்தில் இருக்கிறதா? அது இல்லாமல் ‘நல்லது’ என்றால் எதைவிட நல்லது?

பூச்சு எடுத்த இடத்தில் ஜல்லி இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே சுமார் 300 டிகிரி ஏறியிருக்கலாம். எல்லா ஜல்லியும் நிறம் மாறாது, ஆகவே சிவப்பு இல்லை என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முன்பணத்துக்கு முன்பே, நீங்கள் தேர்ந்தெடுக்கும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகார ஆய்வகத்தில் மறுசோதனை கேளுங்கள். வேகம் குறைந்த இடத்தில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒலி வேகம் மட்டும் வலிமையைச் சொல்லாது. கடைக்குக் கூரையாக இருக்கும் சிலாபையும் விட்டுவிடாதீர்கள், தீயின் முழுச் சூடும் அதன் அடியில்தான் பட்டிருக்கும். பூச்சைக் கொத்த விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் முன்பணத்தை எடுக்கவே வேண்டாம்.